பெயர் ஓர் அமானிதம்: இணைய முகவரிகளும் நமது பொறுப்பும்

கல்முனை பஸ் நிலையத்தில் வந்திறங்கும் வெளியூர்க்காரர் ஒருவர் மாவடிப்பள்ளியிலுள்ள வீடொன்றைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விசாரிக்கும் கடைக்காரருக்கு அந்த வீடு தெரியாது. ஆனால், காரைதீவுச் சந்திக்குப் போக வேண்டும் என்பது தெரியும். சந்தியில் நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதிக்கும் வீடு தெரியாது. அம்பாறை வீதியில் திரும்பினால் மாவடிப்பள்ளி வரும் என்பது தெரியும். ஊருக்குள் நுழைந்ததும் முதற்கடையிலேயே வீட்டைக் கைகாட்டி விடுகிறார்கள். இவர்களில் எவரிடமும் முழு வரைபடம் இல்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த அடுத்த படியை மட்டும் நேர்மையாகச் சொன்னார்கள். அதனால் வந்தவர் வழி தவறவில்லை.

உலக இணையம் இயங்குவதும் ஏறத்தாழ இப்படித்தான். நாம் கையடக்கத் தொலைபேசியில் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்யும்போது, அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கண்டுபிடித்தால் மட்டுமே தளம் திறக்கும். நமக்கு இணையத் தொடர்பு வழங்கும் நிறுவனத்தின் சேவையகம் முதலில் உச்சியிலுள்ள வேர்ச் சேவையகத்தைக் கேட்கிறது. அது 'டொட் எல்கே' பெயர்களைப் பராமரிப்போரைக் காட்டுகிறது. அவர்கள் குறிப்பிட்ட திணைக்களத்தின் அல்லது நிறுவனத்தின் சேவையகத்தைக் காட்டுகிறார்கள். அங்கேதான் இறுதி விடை கிடைக்கிறது. ஒருமுறை கிடைத்த விடை சிறிது காலம் நினைவில் வைக்கப்படுவதால் ஒவ்வொரு முறையும் உச்சிவரை ஏறவேண்டிய தேவை இருப்பதில்லை. இவை அனைத்தும் கண் இமைக்கும் நேரத்துள் நடந்து முடிகின்றன. இதற்கே ஆள்களப் பெயர் முறைமை என்று பெயர்.

இந்த முறைமை யாருக்குச் சொந்தம்? வழி சொல்பவர்கள் பொய் சொல்லாதிருப்பதை உறுதி செய்வது யார்? தமிழில் ஒரு முகவரி வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது? தொழில்நுட்பவியலாளருக்கு மட்டும் உரியனவாகத் தோன்றும் இக்கேள்விகள் நமது மொழியையும் நமது பொது அமைப்புகளையும் நேரடியாகத் தொடுகின்றன. ஆகவேதான் இவற்றைப் பற்றி இங்கு எழுத முற்படுகிறோம்.

ஒரு பட்டியலிலிருந்து ஒரு முறைமை

இணையத்தின் ஆரம்ப காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. ஏனையோர் அவ்வப்போது அதைப் பிரதி எடுத்துக்கொண்டனர். கணினிகளின் தொகை பெருகியபோது அந்த ஒற்றைப் பட்டியல் தாங்கவில்லை. 1983 இல் போல் மொக்காபெட்ரிஸ், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவகத்தில் ஜோன் பொஸ்டலுடன் இணைந்து, பட்டியலைப் பகிர்ந்தளிக்கும் புதிய முறைமையை வகுத்தார். ஒவ்வொரு கிளையையும் அந்தக் கிளைக்கு உரியவர்களே பராமரிப்பது என்பதே அதன் சாரம்.

அப்போது நாடுகளுக்கு எந்தக் குறியீட்டை வழங்குவது என்ற கேள்வி எழுந்தது. எது நாடு, எது நாடல்ல என்று தீர்ப்பளிப்பது தமது வேலை அன்று என்பதில் பொஸ்டல் தெளிவாக இருந்தார். சர்வதேச தர நிர்ணய அமைப்பு வெளியிடும் 3166 ஆம் இலக்கப் பட்டியலில் ஒரு குறியீடு இருந்தால் அது இணையத்திலும் இடம்பெறும், இல்லையென்றால் இடம்பெறாது. இந்த விதியின் பெறுமதியை உணர்த்தப் பலஸ்தீனத்தின் உதாரணம் போதும். அப்பட்டியலில் 1999 இல் பலஸ்தீனத்துக்கு இடம் கிடைத்தது. 2000 ஆம் ஆண்டு அதற்குரிய நாட்டுக் குறியீடு இணையத்தின் வேரில் சேர்க்கப்பட்டது. வல்லரசுகளின் விருப்பு வெறுப்புகளைப் பொறியியலாளர் ஒருவரின் மேசைக்கு வரவிடாமல் தடுத்தது இந்த எளிய விதியே.

உரிமையாளர் அல்லர், நம்பிக்கையாளர்

1994 மார்ச்சில் பொஸ்டல் எழுதி வெளியிட்ட 1591 ஆம் இலக்க ஆவணம் சில பக்கங்களே கொண்டது. அதன் மையக் கருத்து இன்றும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. நாட்டுக் குறியீட்டைப் பராமரிப்பவர் அதன் உரிமையாளர் அல்லர்; அவர் நம்பிக்கையாளர். உள்நாட்டுச் சமூகத்துக்கும் உலக இணையச் சமூகத்துக்கும் சேவை செய்யும் கடமையே அவருக்கு உண்டு. பெயர்கள் தொடர்பில் உரிமை, சொத்து என்று பேசுவது பொருத்தமற்றது. பொறுப்பு, சேவை என்று பேசுவதே தகும் என்று அந்த ஆவணம் கூறியது.

நமது வாசகர்களுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. பள்ளிவாசல் சொத்தைப் பராமரிப்போரை நாம் நம்பிக்கையாளர் சபை என்றே அழைக்கிறோம். அவர்கள் கையிலிருப்பது அமானிதம். கோயில் அறங்காவலரின் நிலையும் அதுவே. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் பொருந்திய இவ்வறத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெயருக்கும் பொருத்திக் காட்டியதே பொஸ்டலின் சாதனை எனலாம்.

இலங்கைக்குரிய 'எல்கே' என்ற குறியீடு 1990 இல் வழங்கப்பட்டது. நாட்டில் வணிக அடிப்படையிலான இணையச் சேவை 1995 இலேயே ஆரம்பித்தது என்பதைக் கவனத்திற் கொண்டால், எத்துணை முன்னதாக இந்த ஏற்பாடு நடந்தது என்பது புலனாகும். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கிஹான் டயஸ் இதன் முன்னோடியாவார். எல்கே ஆள்களப் பதிவகம் இலாபநோக்கற்ற அமைப்பாக இயங்குகிறது. அரச நிறுவனங்களுக்கு 'கவ்', பல்கலைக்கழகங்களுக்கு 'ஏசி', பாடசாலைகளுக்கு 'எஸ்சிஎச்', வணிகத்துக்கு 'கொம்' என்றவாறு எல்கேயின் கீழ் உட்பிரிவுகள் உண்டு. 'கவ் டொட் எல்கே' என்று முடியும் முகவரியை அரச நிறுவனம் அல்லாத ஒருவர் பெற முடியாது. ஆகவே அந்த முடிவு ஒருவகை முத்திரையாகும்.

வாய்க்காலும் உடன்பாடும்

அம்பாறை மாவட்டத்து விவசாயிக்கு ஒருங்கிணைப்பு என்றால் என்னவென்று எவரும் கற்பிக்கத் தேவையில்லை. சேனாநாயக்க சமுத்திரத்து நீர் எந்நாளில் திறக்கப்படும், எந்நாளில் மூடப்படும், எத்தனை மாத வயதுடைய நெல்லை விதைப்பது என்பன போகத்துக்கு முன்னர் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. அதிகாரிகள் வருவார்கள், விவசாயிகள் வருவார்கள், வட்டவிதானைமார் வருவார்கள். மேல்வாய்க்காலில் இருப்பவர் தனக்கு வேண்டியபோது மடையைத் திறந்தால் கீழ்வாய்க்காலில் பயிர் கருகும். எனவே பேசித் தீர்மானித்ததற்கு எல்லோரும் கட்டுப்படுகிறார்கள்.

இணையப் பெயர்களின் மேல்வாய்க்கால் வேர்ச் சேவையகங்களாகும். இவை 13 பெயர்களில் இயங்குகின்றன. அவற்றை 12 நிறுவனங்கள் நடத்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் பிரதிகள் இருப்பதால் மொத்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டுகிறது. இந்நிறுவனங்களில் பல்கலைக்கழகங்கள் உள்ளன. தனியார் கம்பனிகள் உள்ளன. அமெரிக்க அரச அமைப்புகளும் உள்ளன. ஒன்றுக்கு மற்றொன்று கட்டளையிட முடியாது. எனினும் அனைத்தும் ஒரே பட்டியலையே வழங்குகின்றன. உடன்பாடே இங்கு சட்டத்தின் இடத்தில் நிற்கிறது.

இந்த உடன்பாட்டைக் காக்கும் பணி 1998 செப்டெம்பர் 30 ஆம் திகதி கலிபோர்னியாவில் பதிவு செய்யப்பட்ட 'ஐகான்' என்ற இலாபநோக்கற்ற நிறுவனத்திடம் சென்றது. அதற்கு அடுத்த மாதமே பொஸ்டல் காலமானார். ஐகான் நீண்ட காலம் அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்துடனான ஒப்பந்தத்தின் கீழேயே வேர்ப்பட்டியலைப் பராமரித்தது. ஒரு நாட்டின் அரசுக்கு மட்டும் இவ்விசேட நிலை ஏன் என்று ஏனைய நாடுகள் கேள்வி எழுப்பின. இரண்டாண்டுகளுக்கு மேலாக நடந்த பகிரங்க ஆலோசனைகளின் பின்னர் 2016 ஒக்டோபர் முதலாம் திகதியுடன் அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அரசுகள், தொழில்நுட்பவியலாளர், வணிகர், சிவில் அமைப்புகள், சாதாரண பாவனையாளர் எனப் பல தரப்பினரும் அமரும் அவையாக ஐகான் இன்று இருக்கிறது. அதன் கூட்டங்களில் கலந்துகொள்ளக் கட்டணமில்லை. அதன் கொள்கை வரைவுகள் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்படுகின்றன.

பேச்சும் கூட்டமும் மட்டும்தானா, வேலை நடக்கிறதா என்று கேட்போருக்கு 2008 ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறோம். அவ்வாண்டு டான் கமின்ஸ்கி என்ற ஆய்வாளர் இந்த முறைமையில் பாரதூரமான ஓட்டையொன்றைக் கண்டுபிடித்தார். வழி கேட்கும் சேவையகத்தின் நினைவில் பொய்யான விடையைப் புகுத்தி, வங்கியைத் தேடுபவரைத் திருடனின் வாசலுக்கு அனுப்பிவிட அந்த ஓட்டை இடமளித்தது. அவர் அதை விலைபேசவில்லை; விளம்பரமும் தேடவில்லை. துறைசார்ந்த சிலருக்கு இரகசியமாக அறிவித்தார். போட்டி நிறுவனங்களின் பொறியியலாளர்கள் ஓரிடத்தில் கூடினர். மாதக்கணக்கில் வாய் திறவாது உழைத்து, ஜூலை 8 ஆம் திகதி ஒரே நாளில் திருத்தங்களை வெளியிட்டனர். எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

அதன் பின்னர், விடைகளுக்கு மின்னியல் கையொப்பம் இடும் பாதுகாப்பு ஏற்பாடு விரைவு பெற்றது. 2010 ஜூலை 15 ஆம் திகதி வேர்ப்பட்டியல் கையொப்பமிடப்பட்டது. அந்தக் கையொப்பத்துக்குரிய திறவுகோல் ஐக்கிய அமெரிக்காவின் இரு இடங்களில் வைக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் இடத்துக்கும் பல நாடுகளைச் சேர்ந்த, ஐகானின் ஊழியர் அல்லாத எழுவர் பொறுப்பாக நியமிக்கப்பட்டுள்ளனர். அவர்களில் மூவரேனும் நேரில் வந்தால்தான் பெட்டகத்திலுள்ள கருவி இயங்கும். உண்டியலின் சாவிகளைப் பலரிடம் பிரித்துக் கொடுத்து, எல்லோர் முன்னிலையிலும் திறந்து எண்ணும் வழக்கம் நமது ஊர்களிலும் உண்டல்லவா? தத்துவம் ஒன்றே.

தமிழுக்குக் கிடைத்த இடம்

இவ்வளவு விசாலமான முறைமை கால் நூற்றாண்டுக்கும் மேலாக இலத்தீன் எழுத்துகளை மட்டுமே ஏற்றது. ஏனைய மொழிகளின் பெயர்களை இலத்தீன் எழுத்துத் தொடராக மாற்றிச் சேமிக்கும் வழிமுறை 2003 இல் தரமாக்கப்பட்டது. நாம் தமிழில் தட்டச்சு செய்தாலும் உள்ளே 'எக்ஸ்', 'என்' என்ற இரண்டு எழுத்துகளுடனும் இரு சிறு கோடுகளுடனும் ஆரம்பிக்கும் ஒரு தொடராகவே அது பயணம் செய்கிறது. ஆயினும், நாட்டுப் பெயரையே தாய்மொழியில் எழுதும் வாய்ப்பு 2009 நவம்பரில்தான் திறந்தது. 2010 மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றின் அரபுப் பெயர்கள் முதன்முதலில் வேரில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டில் இலங்கைக்குச் சிங்களத்திலும் தமிழிலும் இரு பெயர்கள் வழங்கப்பட்டன. 'டொட் இலங்கை' பிறந்தது அப்போதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஒரு நாட்டின் உத்தியோக மொழி ஒவ்வொன்றிலும் அந்நாட்டின் பெயரைக் கோரலாம் என்பதே ஐகான் வகுத்த நிபந்தனையாகும். அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியிருந்தது. அந்த வாசகமே உலக இணையத்தின் வேரில் தமிழ் எழுத்துகள் இடம்பெற வழி செய்தது. இந்தியாவும் சிங்கப்பூரும் 2011 இல் தத்தமது தமிழ்ப் பெயர்களைப் பெற்றன. மூன்று நாடுகளின் பெயர்கள் தமிழில் உலக வேரில் பொறிக்கப்பட்டிருப்பது சாதாரண விடயமன்று.

அதேவேளை, எழுத்து வந்ததும் அதன் சிக்கல்களும் வந்தன. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோட் முறையில் இருவிதமாகத் தட்டச்சு செய்யலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். 'ஔ' என்ற ஓரெழுத்தும், 'ஒ' வும் 'ள' வும் அடுத்தடுத்து நிற்பதும் கண்ணுக்கு வேறுபடுவதில்லை. அரபு எழுத்திலும் இதே தொல்லை உண்டு. அரபியரின் காஃபும் பாரசீக, உருது மொழிகளின் காஃபும் வேறு வேறு குறியீடுகள். ஒருவர் நற்பெயர் பெற்ற நிறுவனத்தின் பெயரை ஒரு விதமாகப் பதிவு செய்திருக்க, மற்றொருவர் அதே தோற்றமுள்ள பெயரை வேறு விதமாகப் பதிவு செய்து மக்களை ஏமாற்ற இது இடமளிக்கும். இதனைத் தடுப்பதற்கான விதிகளை எழுதும் பணியில் ஒவ்வொரு மொழிச் சமூகமும் பங்கேற்குமாறு ஐகான் அழைத்தது. சிங்களத்துக்குத் தனிக் குழு அமைந்தது. தமிழ், தேவநாகரி, மலையாளம் உள்ளிட்ட ஒன்பது எழுத்துகளுக்கு ஒரு குழு அமைந்து, 2019 இல் தமிழுக்கான முன்மொழிவைக் கையளித்தது. தமிழை எப்படி எழுதுவது என்பதைப் பற்றிய தீர்மானம் அது. நமது பிரதேசத்துத் தமிழாசிரியர்களும் மௌலவிமாரும் எழுத்தாளர்களும் அதனைக் கேள்விப்பட்டார்களா என்பதே நமது ஆதங்கம்.

வாசலில் வந்து நிற்கும் கேள்வி

மாவடிப்பள்ளி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழில் ஏழு எழுத்துகள். யூனிகோட் கணக்கில் 12 குறியீடுகள். எழுதும் முறையில் ஐயமில்லை. ஆங்கிலத்தில் எழுதினாலோ ஒற்றை 'பி' யா, இரட்டை 'பி' யா? 'வி' யா, 'டபிள்யூ' வா? சாய்ந்தமருதுவையும் சம்மாந்துறையையும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பதைப் பெயர்ப்பலகைகளில் காணலாம். ஒவ்வொரு வேறுபாடும் ஒரு தனி முகவரி. ஒன்றை நாம் பதிவு செய்தால் ஏனையவை எவரும் நுழையும் வாசல்களாகத் திறந்து கிடக்கும். தமிழ்ப் பெயருக்கு அந்தத் தடுமாற்றம் மிகக் குறைவு.

2024 நவம்பர் இறுதியில் பெய்த கடும் மழையின்போது மாவடிப்பள்ளி வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம் உழவு இயந்திரத்தில் சென்ற மத்ரஸா மாணவர்களை அள்ளிச் சென்ற துயரை இப்பிரதேசம் மறக்காது. ஓர் இணைய முகவரி அதனைத் தடுத்திருக்கும் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சாகும். ஆனால், எந்த வீதி மூடப்பட்டுள்ளது, எது உத்தியோகபூர்வ அறிவித்தல், எது வதந்தி என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதை அந்நாட்களில் நாம் அனைவரும் உணர்ந்தோம். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு தாய், தன்னால் வாசிக்க முடிந்த முகவரியொன்றில் அந்த விடையைத் தேடக் கூடியதாயிருப்பது ஆடம்பரமன்று.

முகவரியின் நம்பகத்தன்மை குலைந்தால் நேரக்கூடியதற்கும் உதாரணம் உள்நாட்டிலேயே உண்டு. 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி எல்கே பெயர்கள் சில தாக்குதலுக்கு உள்ளாயின. கூகுள் நிறுவனத்தின் இலங்கை முகவரி உட்படச் சிலவற்றைத் தேடியோர் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டனர். அப்பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர், ஊடக சுதந்திரம், சிறுபான்மையினர் தொடர்பான பிரச்சினைகள் எழுதப்பட்டிருந்தன. எழுதப்பட்டது அநீதியைப் பற்றியதாக இருக்கலாம். எனினும் வழிகாட்டியின் வாயைப் பிடித்து வேறு திசை சொல்ல வைப்பது ஆபத்தான முன்னுதாரணமே. அன்று பிரசுரம் வைத்தார்கள். நாளை வங்கிப் படிவத்தை வைக்கலாம்.

இனி நமது வீட்டைப் பார்ப்போம். நமது ஊர்களில் பாடசாலைக்கோ சங்கத்துக்கோ இணையத்தளம் அமைக்கப்படும்போது, ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தமது சொந்தப் பெயரில், தமது மின்னஞ்சலில் முகவரியைப் பதிவு செய்கிறார். ஓரிரு ஆண்டுகளில் அவர் தொழில் தேடிக் கட்டாருக்கோ சவூதிக்கோ சென்றுவிடுகிறார். வருடாந்தக் கட்டணம் செலுத்துமாறு வரும் அறிவித்தல் அவருடைய பழைய மின்னஞ்சலில் கிடக்கிறது. தவணை தவறுகிறது. பெயர் மீண்டும் சந்தைக்கு வருகிறது. சூதாட்டத் தளம் நடத்தும் ஒருவர் அதை வாங்கிவிடுகிறார். நமக்குத் தெரிந்த பொது அமைப்பொன்றின் முகவரிக்கே இக்கதி நேர்ந்தது. அந்த இளைஞரைக் குறை கூறிப் பயனில்லை. அவர் கையிலிருந்தது அமானிதம் என்று அவருக்கும் எவரும் சொல்லவில்லை; சபைக் கூட்டத்திலும் எவரும் கேட்கவில்லை.

ஆகவே சில விடயங்களை வலியுறுத்த விரும்புகிறோம். பொது அமைப்பின் இணைய முகவரி அந்த அமைப்பின் பெயரிலேயே பதிவாக வேண்டும். அதன் கடவுச்சொல் ஒருவரிடமன்றி இருவரிடமேனும் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் திகதி வருடாந்தக் கணக்கறிக்கையில் இடம்பெற வேண்டும். நிர்வாகம் மாறும்போது சாவியும் கணக்குப் புத்தகமும் கையளிக்கப்படுவதுபோல் இதுவும் எழுத்தில் கையளிக்கப்பட வேண்டும். பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இதைச் செய்வதற்குப் பெருஞ்செலவோ பொறியியல் அறிவோ தேவையில்லை.

உள்ளூராட்சி மன்றங்களும் பிரதேச செயலகங்களும் தமது முகவரிகளை 'டொட் இலங்கை' யிலும் பெற்றுப் பெயர்ப்பலகைகளிலும் படிவங்களிலும் அச்சிட முன்வர வேண்டும். 2010 இல் கிடைத்த பெயரை நமது வீதிகளில் காண்பது இன்றும் அரிதாகவே உள்ளது. தமிழ் முகவரியையோ தமிழ் மின்னஞ்சலையோ ஏற்க மறுக்கும் படிவங்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அதனைச் சுட்டிக்காட்டும் கடமை பாவனையாளராகிய நமக்கும் உண்டு. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினியும் தமிழும் அரபும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. எழுத்து விதிகள் பற்றிய வரைவுகள் பகிரங்கக் கருத்துக்கு விடப்படும்போது, இம்மூன்று துறையினரும் ஒன்றுகூடிக் கருத்தெழுதுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது?

மஷூரா நடக்கும் சபைக்குப் போகாதவர், அங்கு எடுக்கப்பட்ட முடிவைப் பற்றிப் பின்னர் முறையிடுவதில் அதிகம் பயனில்லை. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குச் சமுகமளிக்காத விவசாயியின் வயலுக்கும் நீர் வரத்தான் செய்யும். ஆனால், அது அவருக்கு வேண்டிய நாளில் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இணையப் பெயர்களின் கூட்டம் வருடம் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. அதன் கதவு நமக்கும் திறந்தே இருக்கிறது.